நிதானக் குதிரைக்கு என்ன வயது?

பிரிட்டனில் குதிரை விற்பவர்கள் கொடுக்கும் விளம்பரங்களில் அடிக்கடி கண்ணில் படும் சொல் 'பாம்ப்ரூஃப்'. பக்கத்தில் குண்டே வெடித்தாலும் மிரளாது என்று பொருள். கல்யாணத் தரகர் 'பையனுக்கு ஒரு கெட்ட பழக்கம் கிடையாது' என்று கொடுக்கும் வாக்கைப் போன்றது அது. பொய் என்று தள்ளவும் முடியாது, அப்படியே நம்பிக் கழுத்தை நீட்டவும் முடியாது.

அந்தச் சொல்லுக்கு நிஜமாகவே பரீட்சை நடந்த நாள் ஒன்று உண்டு. 1981 ஜூன் 13, லண்டன். அரசி இரண்டாம் எலிசபெத்தின் பிறந்தநாள் அணிவகுப்பு. கறுப்புப் பெட்டைக் குதிரை ஒன்றின் மேல், இரண்டு கால்களையும் ஒரே பக்கம் போட்டு அமர்ந்தபடி அரசி வந்துகொண்டிருந்தார். கூட்டத்தில் நின்ற 17 வயதுப் பையன் ஒருவன் கைத்துப்பாக்கியை நீட்டி ஆறு முறை சுட்டான். வெற்றுத் தோட்டாக்கள் என்பது பின்னால் தெரியவந்த விஷயம்; குதிரைக்கு அது எப்படித் தெரியும்? விதிர்த்துத் துள்ளியது. அரசி கடிவாள வாரைப் பிடித்து அடக்கி, கழுத்தில் தட்டிக்கொடுத்தார். சில நொடிகளில் அது பழைய நடைக்கு வந்துவிட்டது. அணிவகுப்பு தொடர்ந்தது.

பர்மீஸ் என்ற அந்தக் குதிரை, கனடாவின் குதிரைப் போலீஸ் படை 1969-இல் பரிசாக அளித்தது. சுட்ட அன்று அதற்கு வயது 19. அதன்பிறகும் ஐந்தாண்டுகள் அதே அணிவகுப்பில் அரசியைச் சுமந்தது. இங்கே கவனிக்க வேண்டியது, பர்மீஸ் மிரளவில்லை என்பதல்ல. மிரண்டது. ஆனால் மிரண்ட வேகத்திலேயே திரும்பி வந்தது. குதிரை இரையாகவே பரிணமித்த விலங்கு. திடுக்கிடுவது அதன் உடம்பில் எழுதப்பட்ட அனிச்சை. அந்த அனிச்சை இல்லாத குதிரையை எந்தச் சந்தையிலும் யாரும் விற்க முடியாது. திடுக்கிட்டபின் எத்தனை நொடியில் மனம் ஆறுகிறது என்பதில்தான் குதிரைக்குக் குதிரை வித்தியாசம். நிதானம் என்று காசு கொடுத்து வாங்கப்படுவது அந்தச் சில நொடிகள்தான்.

பந்தயக் குதிரைகளை வளர்த்துப் பேர் வாங்கிய அதே அரசி, 2020-இல் தம் 94-ஆவது வயதில் வின்ட்சர் பூங்காவில் சவாரி செய்த படம் வெளியானது. ஏறியிருந்தது ஃபெல் இனத்து மட்டக்குதிரை, வயது 14. குட்டை, தடித்த கால், அகன்ற முதுகு. அங்கே ஐம்பது வயதைத் தாண்டி, சிறுவயதில் விட்ட சவாரியை மறுபடி தொட நினைக்கும் ஆசிரியையோ, இடுப்பு வலியோடு வாழும் ஓய்வுபெற்ற தபால்காரரோ தேடுவதும் ஏறக்குறைய இதே ஜாடைதான்: பதினைந்து வயதைத் தொட்ட, அவசரமில்லாத ஒரு காப்.

காப் என்பது இனத்தின் பெயரல்ல, உடல்வாகின் பெயர். வேல்ஸ் நாட்டின் வெல்ஷ் காப் போன்ற சில மட்டும் பதிவேடும் வம்சாவளியும் உள்ள இனங்கள். மற்றபடி, தாய் யார் தகப்பன் யார் என்று தெரியாவிட்டாலும் ஆள் காப் மாதிரி இருந்தால் அது காப்தான். பிரிட்டனின் குதிரைக் கண்காட்சிகளில் இதற்கென்று அளவு வைத்திருக்கிறார்கள். தோள்மேட்டில் 148 சென்டிமீட்டருக்கு மேல், 155-க்கு மிகாமல். 148-க்குக் கீழே போனால் மட்டக்குதிரைக் கணக்கு. முன்கால் முட்டிக்குக் கீழே நாடா சுற்றி எடுக்கும் அளவை 'எலும்பு' என்கிறார்கள். கனத்த வகைக் காப்புக்கு அது ஒன்பது அங்குலமாவது இருக்க வேண்டும். வாரநாளில் பால் வண்டி, ரொட்டி வண்டி; ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தைத் தேவாலயத்துக்குக் கொண்டுபோகும் வண்டி; இடையில் முதலாளி முதுகில் ஏறினாலும் சரி என்று எல்லா வேலைக்கும் வளைந்துகொடுத்த சாமானியர்களின் குதிரை அது. பழைய படங்களில் காப்புகளின் வால் குச்சிபோல் குட்டையாக இருக்கும். வண்டி வாரில் சிக்காதிருக்க வால் எலும்பையே வெட்டிவிடும் வழக்கம் இருந்தது. 1949-இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள்.

கறுப்பும் வெள்ளையும் திட்டுத்திட்டாக, குளம்பை மூடும் அளவுக்குக் கால்மயிர் தொங்கும் ஜிப்சி காப்தான் இன்று பலர் மனத்தில் நிற்பது. ஜூன் மாதம் கம்ப்ரியாவில் கூடும் ஆப்பிள்பி சந்தைக்கு ஜிப்சிகளும் நாடோடிப் பயணிகளும் இவற்றை ஓட்டிவந்து, ஈடன் ஆற்றில் இறக்கிக் குளிப்பாட்டுவார்கள். சோப்பு நுரையோடு இடுப்பளவுத் தண்ணீரில் அசையாமல் நிற்கும் அந்தக் குதிரைகளைப் பார்க்கவே ஒரு கூட்டம் வரும்.

இந்த உடல்வாகின் தாங்கும் திறனுக்கு ஆய்வுச் சான்றும் உண்டு. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2008-இல் வெளியான ஆய்வில், எட்டுக் குதிரைகளின் மேல் அவற்றின் உடல் எடையில் 15, 20, 25, 30 சதவீதப் பாரத்தை மாற்றி மாற்றி ஏற்றிப் பார்த்தார்கள். 25 சதவீதத்தைத் தொட்டதும் நாடித்துடிப்பு ஏறியது, மறுநாள் முதுகுத் தசைகளில் வலி தெரிந்தது. சேணமும் ஆளுமாகச் சேர்ந்து ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்ற பழைய கணக்குக்கு இது வலு சேர்த்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. இடுப்பு அகன்ற, கால் எலும்பு தடித்த குதிரைகளுக்கு வலி குறைவு. காப்பின் வடிவமே அதுதானே! ஆனால் இங்கே ஒரு கணக்குப் பிழை நடக்கும். 500 கிலோ காப் 100 கிலோ சுமக்கும் என்று பெருக்கிப் பார்ப்பவர், அந்த 500-இல் கொழுப்பு எவ்வளவு என்று கேட்பதில்லை. தொப்பை கூடினால் தாங்கும் திறன் கூடாது. ஏற்கெனவே ஒரு மூட்டையைச் சுமக்கும் குதிரையின் மேல் இன்னொரு மூட்டை ஏறுகிறது, அவ்வளவுதான்.

வயதை எப்படி அறிவது? தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று தமிழில் பழமொழி. ஆங்கிலத்தில் அதே பழமொழி குதிரையைச் சொல்கிறது. காசு கொடுத்து வாங்கும்போது எல்லா ஊரிலும் பல்லைப் பிடித்துத்தான் பார்க்கிறார்கள். குதிரையின் பல் மனிதப் பல்லைப் போல முளைத்து நின்றுவிடுவதில்லை. தாடைக்குள் நீளமாகச் சேமித்து வைத்த பல், ஆண்டுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெளியே தள்ளிக்கொண்டே வரும்; புல்லிலுள்ள மணற்சத்து அதே அளவுக்குத் தேய்த்துக்கொண்டே போகும். வெட்டுப்பற்களில் பால்பல் விழுந்து நிலைப்பல் வருவது இரண்டரை, மூன்றரை, நாலரை வயதுகளில். ஐந்து வயதுவரை கணக்கு ஏறக்குறையச் சரியாக வரும். அதற்குப் பிறகு தேய்மானத்தை வைத்து ஊகம்தான்.

அந்த ஊகத்துக்குப் பேர்போன அடையாளம் ஒன்று உண்டு. மேல்தாடையின் ஓர வெட்டுப்பல்லில் பத்து வயதுவாக்கில் ஈறை ஒட்டிப் பழுப்பாக ஒரு பள்ளக்கோடு தலைகாட்டும். 15 வயதில் பல்லின் பாதி வரை இறங்கும். 20-இல் முழுநீளம். பிறகு மேலிருந்து மறையத் தொடங்கி, 25-இல் பாதி போய், 30-இல் முற்றாக அழியும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதைப் பிரபலப்படுத்திய குதிரைப் பழக்குநர் சிட்னி கால்வேனின் பெயரையே கோட்டுக்கு வைத்துவிட்டார்கள். சுருக்கமாக, அழகாக இருக்கும் இந்தக் கணக்கு நடைமுறையில் சில ஆண்டுகள் முன்னே பின்னே போகும். மண்தரை மேய்ச்சல், மரத்தைக் கடிக்கும் பழக்கம், தாடை அமைப்பு எல்லாமே தேய்மானத்தை மாற்றிவிடும். பதின்மூன்றா பதினேழா என்று கால்நடை மருத்துவரே தயங்குவார். அந்தக் காலத்து வியாபாரிகள் பல்லைக் குடைந்து, பள்ளத்தைக் கருக்கி, கிழட்டுக் குதிரையை இளசாக்கி விற்றதும் உண்டு.

இப்போது அதற்கு ஆவணம் இருக்கிறது. பிரிட்டனில் குதிரைக்குப் பாஸ்போர்ட் கட்டாயம். இங்கிலாந்தில் 2020 அக்டோபர் முதல் எல்லாக் குதிரைக்கும் கழுத்தில் மைக்ரோசிப்பும் கட்டாயம். ஆனாலும் வண்டியிழுத்துப் பல கை மாறிவந்த காப்புக்குப் பாஸ்போர்ட் பிறந்தபோது எடுத்ததா, ஆறேழு வயதில் யாரோ உத்தேசமாக எழுதியதா என்பதைத் தேதியைப் பார்த்தால்தான் தெரியும்.

வயது என்றாலே பயப்படுவது ஒரு மனப்பழக்கம். மான்செஸ்டர் அருங்காட்சியகத்தில் ஒரு மண்டையோடு இருக்கிறது. 1760-இல் பிறந்து 1822-இல் இறந்த ஓல்டு பில்லியுடையது. 62 ஆண்டு! இதுவரை பதிவான குதிரைகளில் மிக நீண்ட ஆயுள். கால்வாய்க் கரையில் படகிழுத்த உழைப்பாளி; 1819 வரை வேலையில் இருந்தது. பில்லி விதிவிலக்குதான். ஆனால் நன்றாகப் பேணிய காப் இருபதைத் தாண்டியும் வாரத்தில் நாலு நாள் சவாரிக்குப் போவது பிரிட்டனில் யாரையும் வியப்பில் ஆழ்த்தாது. மூட்டு வாதம் உள்ள பல குதிரைகளுக்கு லாயத்தில் கட்டிப்போடுவதைவிட அளவான நடை நல்லது.

எல்லாம் இளமை போலவே இருக்குமென்று அர்த்தமில்லை. உடற்பயிற்சியில் உடம்பு சூடேறும் வேகத்தை இளம் குதிரைகளிலும் 26 வயதுவாக்கில் இருந்த முதிய குதிரைகளிலும் ஒப்பிட்டுப் பார்த்தார் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் கென்னத் மெக்கீவர். உள்வெப்பம் 40 டிகிரியைத் தொட முதியவற்றுக்கு ஏறக்குறையப் பாதி நேரமே பிடித்தது. ஜூலை மாத மத்தியானத்தில், கட்டையான உடம்பும் காலெல்லாம் மயிருமாக உள்ள முதிய காப்பை மேட்டில் ஓட்டுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

இனி குணம். குதிரையின் குணம் அறிந்துதான் தம்பிரான் கொம்பு கொடுக்கவில்லை என்பார்கள். ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தைக்குப் போனால், குதிரை வாங்க வந்தவர் முதலில் தேடுவது சுழி. சுழி சுத்தமா என்பதே முதல் கேள்வி. பிரிட்டனின் வாங்குபவர் கேட்பது வேறு: 'தனியாகப் போகுமா, துணையோடுதான் போகுமா?' கேட்க அற்பமாக இருந்தாலும், இதற்குப் பின்னால் கனமான அறிவியல் இருக்கிறது. டென்மார்க்கின் யானே வின்தர் கிறிஸ்டன்சன் நடத்திய சோதனை ஒன்றில், அச்சமூட்டும் பொருளுக்கு ஏற்கெனவே பழகிய நிதானக் குதிரையோடு சேர்த்துவிட்டபோது, பழகாத குதிரையின் பயம் கண்கூடாகக் குறைந்தது. பிறகு துணை இல்லாமல் விட்டபோதும் அந்தப் பலன் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. ஆக, விற்பவரின் இடத்தில் இன்னொரு குதிரையின் வாலைப் பார்த்துக்கொண்டே சாதுவாக நடக்கும் காப் காட்டுவது தன் நிதானத்தையா, முன்னால் போகிறதே அதன் நிதானத்தையா? வாசலைத் தாண்டித் தனியே சாலையில் போகச் சொல்லிப் பார்க்கும்வரை தெரியாது.

மனிதரின் பயமும் தொற்றும். ஸ்வீடனின் லிண்டா கீலிங் குழு 2009-இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் எல்லோருக்கும் பிடித்த ஒன்று. ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்குக் குதிரையை நடத்திச் செல்ல வேண்டும், அல்லது அதன்மேல் ஏறிப் போக வேண்டும். மூன்று தடவை சும்மா. நாலாவது தடவைக்கு முன், 'குதிரை கடக்கும்போது குடையை விரிக்கப்போகிறோம்' என்று ஆளிடம் சொன்னார்கள். விரிக்கவே இல்லை. ஆனால் ஆளின் நாடித்துடிப்பு ஏறியது, குதிரையினுடையதும் ஏறியது. குதிரைக்குக் குடையைப் பற்றி எதுவும் தெரியாது. மேலே இருப்பவரைப் பற்றித் தெரிந்துவிட்டது. கீழே விழுந்த நினைவோடு, நடுங்கும் முழங்காலோடு வருபவருக்கு முதிய காப் ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைக்காது. பதினைந்து ஆண்டுகளில் நூறு விதமான முழங்கால்களை அது பார்த்திருக்கும்.

அமைதியிலும் போலி உண்டு. மயக்க மருந்து ஒரு வகை. மிரட்சியை மறைக்கும். வலி மாத்திரை இன்னொரு வகை. நொண்டலை மறைக்கும். காலையிலேயே மைதானத்தில் விரட்டி விரட்டிக் களைப்பாக்கி வைத்திருப்பது மூன்றாவது. சொன்ன நேரத்துக்கு அரைமணி முன்னதாகப் போய், சேணம் படும் இடத்தில் கைவைத்துப் பார்த்தால் வியர்வை சொல்லிவிடும். நாலாவது வகைதான் பரிதாபமானது. வலியில் சுருங்கிப்போன குதிரையும் சாதுவாகத்தான் தெரியும். பிரிட்டனின் கால்நடை மருத்துவ நிபுணர் சூ டைசன், சவாரியின்போது குதிரை காட்டும் 24 நடத்தைகளைப் பட்டியலிட்டார். காதைப் பின்னுக்கு மடக்குவது, வாயைத் திறந்து திறந்து மூடுவது, வாலை விசிறுவது, வெறித்துப் பார்ப்பது, பின்குளம்பை இழுத்து நடப்பது என்று போகிறது அது. இவற்றில் எட்டோ அதற்கு மேலோ தெரிந்தால் எலும்பு, தசை, மூட்டில் எங்கோ வலி இருக்க வாய்ப்பு அதிகம். 'சோம்பேறிக் காப்' என்று சிரித்துக்கொண்டே சொல்லப்படுபவற்றில் எத்தனை உண்மையில் நோயாளிகளோ.

இதற்கெல்லாம்தான் ஐந்து கட்டப் பரிசோதனை. வாங்குபவர் தம் செலவில் கால்நடை மருத்துவரைக் கொண்டுவந்து, நின்ற நிலையில் கண், இதயம், பல், உடம்பு பார்ப்பது. கையில் பிடித்து நடக்கவும் துள்ளுநடை போடவும் விடுவது. ஏறி ஓட்டிப் பார்ப்பது. ஓய்வில் மூச்சும் நாடியும் எப்படி அடங்குகின்றன என்று கவனிப்பது. கடைசியாக மறுபடி ஒரு துள்ளுநடை. ரத்தம் எடுத்து ஆறு மாதம் பாதுகாத்து வைக்கிறார்கள். வீட்டுக்கு வந்த இரண்டாம் வாரம் குதிரை வேறு குதிரையாகிவிட்டால், அன்றைய ரத்தத்தில் மருந்து இருந்ததா என்று பார்த்துவிடலாம். 16 வயதுக் காப்பிடம் மருத்துவர் எதுவுமே கண்டுபிடிக்கவில்லை என்றால்தான் சந்தேகப்பட வேண்டும். இதயத்தில் மெல்லிய முனகல், பின்கால் மூட்டில் கொஞ்சம் இறுக்கம் எல்லாம் அந்த வயதில் சகஜம். பாஸா ஃபெயிலா என்பது இங்கே கேள்வியே இல்லை. வாரத்தில் மூன்று நாள் மெதுவாகச் சவாரி போக இந்த உடம்பு போதுமா என்பதே கேள்வி.

உண்மையான ஆபத்து வயதில் இல்லை, புல்லில் இருக்கிறது. காப்பின் முன்னோர்கள் பலர் மலைச்சரிவிலும் தரிசிலும் குளிர்காலத்தை முள்ளும் கோரையும் தின்று கழித்தவர்கள். கிடைத்ததைக் கொழுப்பாக்கி வைக்கும் உடம்பு. பால் பண்ணைக்கென்று வளர்த்த செழும்புல்லில் அதை விட்டால் என்ன ஆகும்? ரத்தத்தில் சர்க்கரை ஏற, அதைச் சமாளிக்க இன்சுலின் ஏற, ஒருநாள் குளம்பு வெடிக்கும் வலியில் குதிரை நின்றுவிடும். இதுதான் லாமினைட்டிஸ் என்ற குளம்பு அழற்சி. குளம்பின் உள்ளே, கடைசிக் கால் எலும்பைக் குளம்புச் சுவரோடு பிணைப்பவை புத்தகத் தாள்போல் அடுக்கடுக்காக ஒன்றுக்குள் ஒன்று செருகிய மென்தகடுகள். அவை இளகி நீண்டால் பாரம் தாங்காமல் எலும்பே கீழே சாயும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2007-இல் நடந்த ஆய்வு, ஆரோக்கியமான மட்டக்குதிரைகளின் ரத்தத்தில் சர்க்கரையை இயல்பான அளவிலேயே வைத்துக்கொண்டு, இன்சுலினைத் தொடர்ந்து செலுத்தியது. மூன்று நாட்களுக்குள் லாமினைட்டிஸ். குற்றவாளி இன்சுலின்தான் என்பது அன்று தெளிவானது.

எனவே காப் பார்க்கப் போகிறவர் அதன் கண்ணழகில் மயங்கும் முன் குனிந்து குளம்பைப் பார்க்க வேண்டும். கால்மயிரை விலக்கினால் குளம்புச் சுவரில் மரத்தின் ஆண்டு வளையம்போல் கோடுகள் தெரியும். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே இடைவெளியில் ஓடினால் பருவ மாற்றத்தின் தடயம். முன்னால் நெருங்கி, குதிகால் பக்கம் விரிந்து ஓடினால் பழைய லாமினைட்டிஸின் கையெழுத்து. பிடரிக்குக் கீழே கழுத்தின் மேல்விளிம்பைப் பிடித்து ஆட்டிப் பார்க்கலாம். ஆடாமல் கட்டியாக, மேடாக நின்றால் அது தசையல்ல, கொழுப்பு. அதே கையோடு கணுக்கால் தோலையும் தடவிப் பார்ப்பது நல்லது. அடர்ந்த மயிருக்குள் பூச்சி சேர்ந்து, குதிரை நாளெல்லாம் காலை உதைத்துக்கொள்ளும். சிலவற்றுக்கு நிணநீர் தேங்கித் தோல் மடிப்பு மடிப்பாகத் தடித்துவிடும். அது திரும்பாத நோய்.

முதுமையில் இன்னொன்றும் சேரும். வேனில் வந்தும் குளிர்கால மயிர் உதிராமல் சுருண்டு நிற்கும் குதிரைக்குப் பெரும்பாலும் மூளையடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் நடுப்பகுதி கட்டுமீறிச் சுரக்கிறது. அதற்குக் கடிவாளம் போடும் டோபமின் நரம்புகள் வயதில் நலிந்துவிடுவதே காரணம். பெர்கோலைடு என்ற மாத்திரை தினமும் கொடுத்தால் கட்டுக்குள் இருக்கும், ஆயுளுக்கும். இதுவும் லாமினைட்டிஸைக் கூட்டிக்கொண்டு வரும் என்பதால், முதிய காப்புக்கு ரத்தப் பரிசோதனை வீண்செலவல்ல. காப்பீட்டு நிறுவனங்கள் பலவும் பதினைந்து பதினேழு வயதுக்கு மேல் நோய்ச் செலவை ஏற்காமல் விபத்துக் காயத்துக்கு மட்டும் கைகொடுப்பது எதனால் என்பதும் இப்போது புரியும். குதிரை மலிவாகக் கிடைத்தது என்று மகிழ்பவருக்கு லாடக்காரர் ஆறு எட்டு வாரத்துக்கு ஒருமுறை வருவார், பல் ராவுபவர் ஆண்டுக்கு ஒருமுறையாவது வருவார். உருண்ட முதுகில் வழுக்காமல் உட்கார அகலச் சேணம் ஒன்று புதிதாக வேண்டும்.

சரி, எல்லாம் பார்த்து வாங்கியாகிவிட்டது. பொட்டு விழுந்த கறுப்பு வெள்ளைக் காப், காயடித்த ஆண், பாஸ்போர்ட்டின்படி 15. இரண்டு வாரம் தனியே வைத்துச் சளி, காய்ச்சல் இல்லையென்று பார்த்தபின் முதல் சவாரி. வாசலைத் தாண்டிய முதல் திருப்பத்தில் பச்சை நிறச் சக்கரத் தொட்டி ஒன்று நிற்கிறது. அன்று குப்பை எடுக்கும் நாள். டிராக்டருக்கும் லாரிக்கும் அசையாத குதிரை அங்கே நட்டுவைத்ததுபோல் நின்றுவிடுகிறது. காது இரண்டும் முன்னால் விறைக்க, மூக்கிலிருந்து எக்காளம்போல் ஒரு மூச்சு. பழைய ஊரில் தொட்டி கறுப்பு. ஒரு பொருளுக்குப் பழகிய குதிரை, நிறமும் வடிவமும் மாறிய இன்னொன்றைப் புதிதாகவே பார்க்கும் என்று டென்மார்க் ஆய்வுகள் காட்டியது இதைத்தான்.

மேலே இருப்பவர் அடக்கிவைத்திருந்த மூச்சை விடுகிறார். வாரைத் தளர்த்துகிறார். குதிரை கழுத்தை நீட்டித் தொட்டியை முகர்கிறது, மூடியை உதட்டால் ஒருமுறை தள்ளிப் பார்க்கிறது. பிறகு அதைத் தாண்டி இரண்டடி நடந்து, வேலியோரத்துப் புல்லில் வாயை வைத்துவிடுகிறது. அங்கிருந்து அதன் தலையைத் தூக்கத்தான் மேலே இருப்பவருக்கு இன்னும் ஐந்து நிமிடம் பிடிக்கும்.